எதிர்க்கடைக் கோல்

அக்கா, அக்கா, கையை எடுங்க! அந்தக் கோலைத் தாண்டிக் கையை நீட்டாதீங்க.

ஷாக் எல்லாம் அடிக்காது. வெறும் கஜக்கோல்தான், துணி அளக்கிற இரும்புக் கோல். ஆனால் கடை வாசலில் குறுக்கே கிடந்தால் அதுதான் கதவு. கடைக்காரர் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார், அதுவரை ஒருத்தரும் உள்ளே கை வைக்கக் கூடாது. இந்தத் தகரப் பஜாரில் அறுபத்திரண்டு கடை. ஒரு காலத்தில் எல்லாமே துணிக்கடையாம். இப்போது துணி விற்கிறவர்கள் ஏழு பேர்தான், கோல் மட்டும் அறுபத்திரண்டு கடையிலும் இருக்கிறது. அதோ, என் பக்கத்துக் கடை வைரவன் மாமா, பூட்டு வியாபாரம். நூறு பூட்டு தொங்கவிட்டிருக்கிறார், டீ குடிக்கப் போகும்போது ஒரு பூட்டும் போட மாட்டார். கோலைப் போட்டுவிட்டுத்தான் போவார்.

வளையல்தானே வேணும்? நான் எடுத்துத் தருகிறேன். இது என் கடை, ஜிப், பட்டன், லேஸ். எதிர்க்கடை வளையலையும் நான்தான் விற்கிறேன், பத்தொன்பது நாளாக. கொக்கிக் கம்பு வரட்டும். கோலைத் தாண்டி நானும் கால் வைக்கக் கூடாது, வெளியே நின்று கம்பால்தான் பெட்டியை இழுக்கணும். பாத்திரக் கடைக்காரர் புறாக்கூட்டைத் தட்டிவிட வாங்கிக்கொண்டு போனார், இப்போ தருகிறேன் என்றார். இந்தப் பஜாரில் இப்போ என்றால் அரை மணி நேரம். ஸ்டூலில் உட்காருங்க.

என்ன சைஸ்? ரெண்டு-ரெண்டா? அது சின்னக் கை ஆச்சே, உங்களுக்கு இல்லைதானே? கலர்? சாம்பலா? சாம்பல் கலரில் கண்ணாடி வளையல் யாரு போடுவாங்க அக்கா? சரி, சரி, உங்க இஷ்டம். மேல் தட்டில் மூணாவது பெட்டி... பரவாயில்லையே, எனக்கே தெரியாது. முன்னாடி வந்திருக்கீங்க போல.

அந்தக் கடை ஜெய்பு அக்காவுடையது. ஜெய்புன்னிசா. எங்கே போனாங்க என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியுமா? ஆனால் எப்படிப் போனாங்க என்று இந்தப் பஜாரில் எனக்குத்தான் நல்லாத் தெரியும். என்னை உட்காரவைத்துவிட்டுப் போனாங்க.

என் பெயர் செலின். பதினெட்டு ஆகி ரெண்டு மாசம். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்று மூஞ்சியை வைத்துக்கொள்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. அப்பா பரணிலிருந்து பெட்டி இறக்கும்போது விழுந்தார். இடுப்பு எலும்பு. "ரெண்டு வாரம் உக்காரு செலின்" என்றார். பள்ளிக்கூடத்தில் அப்போது கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்தது. நான் சந்தோஷமாகவே வந்தேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. ரெண்டு வாரம், பதினான்கு மாசமாகிவிட்டது.

அப்பா இப்போது நடக்கிறார். வீட்டிலிருந்து டீக்கடைக்கு நடக்கிறார், டீக்கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கிறார். கடைக்கு வர மட்டும் இடுப்பு வலிக்கிறது. அண்ணன் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக். "அவன் படிக்கிறான்ல" என்பாங்க அம்மா. படிக்கிறானா என்று போய்ப் பார்த்தது யார்?

நீங்களே பாருங்க, இந்த இடத்தை. நாலு அடிக்கு ஆறு அடி. காலையில் எட்டரைக்கு வந்தால் டியூப் லைட், ராத்திரி எட்டரைக்குக் கிளம்பும்வரை டியூப் லைட். மேலே தகரம். நடு நடுவில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி வைத்திருந்தார்களாம், அதன் மேல் புறா எச்சம் ஒரு அடி இருக்கும். வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்கள் தலையைப் பார்த்தால்தான் தெரியும். உங்க தலை காய்ந்திருக்கிறது. அப்போ மழை இல்லை.

அக்கம்பக்கத்தில் யாராவது எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க மாட்டார்கள். அதற்கும் அப்பாதான் காரணம். இந்தக் கோலுக்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா போட்டுவிட்டுப் போனால் செல்லாது. எதிர்க்கடைக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடணும், "கோல் போடுறேன்" என்று சொல்லணும். அவர் "சரி" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொன்ன ஆள், சொன்ன ஆளேதான், கோல் தன் கண்ணில் படுகிற இடத்திலேயே இருக்கணும், தினமும் பஜார் அடைக்கிறவரை, அந்தக் கோலை எடுக்கிற நாள்வரைக்கும். பாத்ரூமுக்கு மட்டும் ஐந்து நிமிஷம் பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார். அப்பா பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கடைக்கு "சரி" சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார். முழுப் படம்! இடைவேளையில்கூட வரவில்லை. அந்த மூணு மணி நேரத்தில் எதிர்க்கடையில் ஒரு கட்டுப் பட்டுத்துணி போய்விட்டது. அந்தக் கடைக்காரர் அதோடு கடையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பதினைந்து வருஷமாக எங்களை நம்பி யாரும் கோல் போட்டதில்லை, எங்கள் கோலுக்கு ஒரே ஒருத்தங்களைத் தவிர யாரும் "சரி" சொன்னதில்லை. பஜாரில் எங்களுக்குப் பேரே சினிமாக்காரர் கடை.

அந்தக் கடையை எடுத்தவர்தான் ஜெய்பு அக்காவின் மாமனார். அவர் இறந்த பிறகு அக்கா உட்கார்ந்தாங்க. ஒன்பது வருஷம். அக்காவின் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், கடை அவர் பேரில்தான். ஆறு வருஷமாக அடுத்த மாசம் வருகிறார்.

அக்கா ஒருத்தங்கதான் என் கோலுக்கு "சரி" சொல்வாங்க. நான் இட்லி வாங்கப் போனால், நாப்கின் வாங்கப் போனால், "போய்ட்டு வாடி, பாத்துக்கறேன்" என்பாங்க. ஆனால் அவங்க எனக்குக் கோல் போட்டதில்லை. எங்கேயும் போக மாட்டாங்க, அதுதான் விஷயம். சாப்பாடு மாமியார் கொடுத்தனுப்புவாங்க. என்னைப் பார்த்தால், "திரும்பப் பள்ளிக்கூடம் போ, போ" என்று நச்சரிப்பாங்க. "நீங்க போங்களேன்" என்பேன். சிரிப்பாங்க. நான் அவங்களைப் படிக்காதவங்க என்றுதான் நினைத்திருந்தேன். வளையல் விற்கிறவங்க எவ்வளவு படித்திருக்கப் போகிறாங்க?

விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். பொண்ணுங்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். நீலச் சட்டை, தொப்பி, கறுப்பு பேண்ட், ஷூ. மேலே ஒரு பெரிய கூரை இருக்கிறதுதான், ஆனால் நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. லாரி வருகிறது, பஸ் வருகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போகிறது. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல நிக்கணும்மா, கறுத்துடுவே" என்றார். "கறுத்தா பரவாயில்ல சார்" என்றேன். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஷூ போட்டுக்கொண்டு வா, தாண்டினால் அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஷூ நடைபாதைக் கடையில் வாங்கினேன். வீட்டில் தெரியக் கூடாது என்று ஜிப் வருகிற அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். ஜெய்பு அக்காவிடம் மட்டும் சொன்னேன், சனிக்கிழமை, கூட்டம் இல்லாத நேரம்.

"கடைய யாரு பாப்பா?" என்று கேட்டாங்க.

"நீங்கதான். கோலப் போட்டு உங்க பேரக் கூப்பிடுவேன். சரின்னுடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"வேல கெடச்சா வரவே மாட்டேன்."

"அப்ப கோலு?"

"கெடக்கட்டும். கடை அப்பா பேருல இருக்கு, அவரே வந்து எடுத்துக்குவாரு. எடுக்காம எங்க போவாரு? சொல்லிட்டுப் போனா விடமாட்டாங்கக்கா. டீ குடிக்கப் போற மாதிரி போயிடணும். அதுதான் ஒரே வழி."

அக்கா கையில் வைத்திருந்த வளையலை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாங்க. அடுக்கி முடித்துவிட்டு, "டீ குடிக்கப் போற மாதிரி" என்றாங்க. "ஆமாக்கா" என்றேன். என்னை நினைத்துக் கவலைப்படுகிறாங்க என்று எனக்குப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை கறுப்பு பேண்ட் போட்டு, மேலே நீளமான டாப்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு வந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாங்க. வழக்கமாகக் கடைக்கு வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவாங்க. அன்றைக்கு மாட்டவில்லை. பார்த்தேன், பார்த்து என்ன? எனக்கு என் அவசரம். பத்து மணி இருக்கும், குனிந்து கோலை எடுத்து வாசலில் போட்டாங்க.

"செலின், கோல் போடுறேன்."

யோசிக்கவே இல்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் எங்கள் கடையை நம்பி ஒரு கோல். "சரிக்கா!" என்று கத்தினேன், பஜாருக்கே கேட்கிற மாதிரி. அப்புறம்தான், "சீக்கிரம் வந்துடுங்க, பதினொண்ணுக்குக் கெளம்பணும்" என்றேன். தலையை ஆட்டினாங்க. கிழக்கு வாசல்கிட்ட போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்க. நான் கையைக் காட்டினேன், நேரமாச்சு, போங்க போங்க என்று.

பத்தரை ஆச்சு. பதினொன்று ஆச்சு. போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வைரவன் மாமாவிடம் போய் நின்றேன். போய் என்றால் ரெண்டு அடி, கோலைப் பார்த்துக்கொண்டே.

"மாமா, ஒரு அரை மணி நேரம் பாருங்க மாமா. அவசரம்."

"நீ சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எனக்கும் கேட்டுச்சு, ஊருக்கே கேட்டுச்சு. அப்புறம் என்ன? ஒங்கப்பனும் இப்படித்தான் அரை மணி நேரம்னான். என்ன படம் ஓடுது இன்னைக்கு?"

பூட்டுக்கடையில் இருந்த ரெண்டு வாடிக்கையாளரும் சிரித்தார்கள். என்ன படம் என்று தெரியாமலேயே சிரித்தார்கள்.

பதினொன்றரைக்கு அப்பா வந்தார். எந்த நாளும் வராதவர், அன்றைக்கு வந்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "அப்பா, உக்காருங்க, ஒரு வேலையா போகணும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரில் பார்த்தார். கோலைப் பார்த்தார்.

"யாருக்குப் போட்ருக்கா?"

"எனக்குத்தான்."

"ஒன் பேரச் சொல்லியா? நம்ம கடைக்கா?"

"ஆமாப்பா. நீங்க கொஞ்சம் உக்காருங்க."

அப்பா அழுதார். நிஜமாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எந்திரிக்காத" என்றார். "சாமி சத்தியமா எந்திரிக்காத செலின். நான் செஞ்சத நீ செய்யாத." என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எத்தனையோ தடவை அவரிடம் கத்தியிருக்கிறேன், அக்கா. அன்றைக்குக் கோலைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டேன். பங்க் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் சொல்லியிருக்கணும்.

அந்த மூலையில் கடிகாரக் கடை இருக்கிறது. ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும், அதனால் இங்கே பன்னிரண்டு அடித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். முதல் கடிகாரம் அடித்தபோது, இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை, இது ஃபாஸ்ட் என்று நினைத்தேன். கடைசி கடிகாரம் அடிக்கிறவரை ஒவ்வொன்றுக்கும் அதையே நினைத்தேன்.

அவ்வளவுதான். அன்றைக்கு அக்கா வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சாயங்காலம் அவங்க மாமியார் வந்து நின்றாங்க. "அவ நல்லாருக்கேன்னு எங்க பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணியிருக்கா. எங்கன்னு சொல்லல" என்றாங்க. நான், "அப்ப கோல எடுத்துடுங்க நன்னிமா" என்றேன். எடுக்க மாட்டாங்களாம். கோலைப் போட்டவர் எடுக்கலாம், அவர் சொல்லி அனுப்பின ஆள் எடுக்கலாம், கடை யார் பேரில் இருக்கிறதோ அவர் எடுக்கலாம். வேறு யார் எடுத்தாலும் போட்டவர் செத்துப் போனார் என்று அர்த்தம். போன வருஷம் ஊதுபத்திக் கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் மகன் வந்து கோலை எடுத்தபோது பஜாரே எழுந்து நின்றது.

"நான் எடுத்தா அவ மௌத்தாப் போனதா ஆயிடும்" என்றாங்க அந்த மாமியார். "அவ உசுரோட இருக்கா. அவளே வந்து எடுக்கட்டும்." தினமும் சாயங்காலம் வருகிறாங்க, நிற்கிறாங்க, போகிறாங்க. எனக்கு ஒரு டப்பாவில் ஏதாவது கொண்டுவருகிறாங்க. நேற்றைக்கு சேமியா. நான் நன்றி எல்லாம் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

எனக்குக் கோபம் என்ன தெரியுமா? பங்க் போனது இல்லை. ஊரில் ஒரு பங்க்தானா இருக்கிறது? இவங்க இப்படிச் செய்வாங்க என்று யாருமே நினைக்க மாட்டார்கள். தானாக இதெல்லாம் தோணுகிற ஆள் இல்லை. யாரோ கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இப்படிப் போ, டீ குடிக்கப் போற மாதிரி போ என்று. அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் இருக்கிறது.

இன்னொரு கூத்து கேளுங்க. பத்தொன்பது நாள் அசையாமல் உட்கார்ந்தேனா, இப்போது எனக்கு நல்ல பேர் வந்துவிட்டது. "என்ன செலின், ரெண்டு கடை மொதலாளி" என்று அதே வைரவன் மாமா கூப்பிடுகிறார். முந்தாநாள் வளையல் கடைக்குப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் என் பெயரைச் சொல்லிக் கோல் போட்டார், நேர் எதிர்க்கடைக்காரரை விட்டுவிட்டு. "லூர்துசாமி மக பாத்துக்கும்" என்று அப்பா பேரைச் சொன்னார். அப்பா டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். கெட்ட பேர் இருந்தபோது அப்பாவுக்காக உட்கார்ந்தேன். நல்ல பேர் வந்ததும் பஜாருக்காக உட்கார்ந்திருக்கிறேன். எது பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்க.

இதோ கம்பு வந்துவிட்டது. அண்ணே, புறா போச்சா? போகலையா? போகாது.

மேல் தட்டு, மூணாவது பெட்டி. தள்ளி நில்லுங்க. ம்... வருது, வருது... பிடிச்சாச்சு.

ஏன் அக்கா, பெட்டி குலுங்கவே இல்லையே? வளையல் பெட்டி என்றால் தொட்டாலே சத்தம் வரணும். பஞ்சு மாதிரி இருக்கிறது. விற்கிறவள் திறந்து காட்டித்தான் கொடுக்கணும், இருங்க.

ப்ளஸ் டூ மார்க் ஷீட். டிசி. சின்னதாக ஒரு போட்டோ, ரெட்டை ஜடை. ஜெய்புன்னிசா. ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு. ஆயிரத்து இருநூறுக்கு.

கெமிஸ்ட்ரியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நீங்க யாரு?

இல்லை, வேண்டாம். சொல்லாதீங்க. எந்த ஊர் என்றும் சொல்லாதீங்க. சாயங்காலம் மாமியார் வந்து என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பொய் வராது. என்ன வேலை, என்ன படிப்பு, அதுவும் வேண்டாம். நல்லா இருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்க. சரி.

இதை நான் தர மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீங்க? அவங்களேதானே வரணும்? வந்தால் கோலை எடுத்துத்தானே ஆகணும்? எடுத்தால் நான் எழுந்து போய்விடலாம், அந்த நிமிஷமே.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் கையை இறுக்கிப் பிடிக்கவில்லை. அட்டை பழசு, அதனால் நசுங்குகிறது.

அதுசரி, நீங்களே எடுக்கலாமே! அவங்க சொல்லி அனுப்பின ஆள்தானே நீங்க? குனிந்து எடுங்க, யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள், சாவும் இல்லை. எடுங்க. கோலைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினாங்க?

ஒண்ணுமே சொல்லலையா? பெட்டி எந்தத் தட்டில் என்றுகூடச் சொல்லி அனுப்பினவங்க, கோலை எடுக்கச் சொல்லவில்லையா?

ஓ.

அப்போ எடுக்காதீங்க. ஒதுங்கி நில்லுங்க, புடவை பட்டுவிடப் போகிறது. அது இருக்கிறவரைக்கும் கடை அவங்களுடையது. போன இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் வருவாங்க. டீ குடித்துவிட்டு வந்த மாதிரி வருவாங்க. கிடக்கட்டும்.

இந்தாங்க, பிடிங்க. இருங்க, இருங்க, இப்படியே கொண்டுபோனால் வைரவன் மாமா கண்டுபிடித்துவிடுவார், பூட்டு விற்கிறவருக்குப் பெட்டியைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரியும். முன் தட்டில் பச்சை வளையல் இருக்கிறது, அதை ரெண்டு டஜன் மேலே போடுகிறேன். இப்போ குலுக்குங்க. ஆங், இப்போதான் வளையல் பெட்டி. பச்சைக்கு மட்டும் காசு கொடுங்க, அது அவங்க டப்பாவில் போய்விடும்.

கிழக்கு வாசல் வழியாகவே போங்க. ஒண்ணே ஒண்ணு அவங்ககிட்ட சொல்லிடுங்க. திட்டினேன் என்று சொல்லுங்க, நல்லாத் திட்டினேன் என்று சொல்லுங்க. அப்புறம், இங்கே குனிந்து பாருங்க, பலகைக்கு அடியில், என் காலை. வியாபாரம் நடக்கிற இடத்தில் செருப்புக்கூடப் போடக் கூடாது என்று அப்பா வீட்டில் தினமும் கத்துகிறார். பத்தொன்பது நாளாக ஷூவோடுதான் உட்கார்ந்திருக்கேன். கயிறுகூட அவிழ்க்கலை.

அவங்க வந்து அந்தக் கோலை எடுக்கிற அன்றைக்கு, குனிந்து கட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருக்காது.